ஒன்பது நாள் மிச்சம்

அந்தோனியாருக்கும் எனக்கும் தனிப்பட்ட முறையில் எந்தப் பகையும் இல்லை. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் அவருக்கு எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. நடுவில் நின்று எல்லாவற்றையும் பேசி முடித்தது அம்மாதான்.

அம்மாவின் பெயர் பிலோமினம்மா. நேர்த்தி வைப்பதில் நெடுந்தீவில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் தன் பேரில் ஒரு மெழுகுதிரிகூட அவள் நேர்ந்தது கிடையாது. எல்லாம் மற்றவர்களின் உடம்பில்தான். ஒருமுறை எங்கள் பசுமாடு வயிறு ஊதிக் கிடந்தபோது, எங்கள் தகப்பனார் அப்புவின் மீசையை மடு மாதாவுக்கு நேர்ந்துவிட்டாள். மாடு எழும்பி நடந்தது. அப்பு மீசை இல்லாத வாயைத் துவாயால் மூடிக்கொண்டு இரண்டு மாதம் கடற்கரையில் திரிந்தார். அந்த அப்புவும் ஒரு மாரியில் காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மாவின் கையில் மிஞ்சியது அண்ணன் சில்வெஸ்ரரும் நானும்தான். என் பெயர் ஜசிந்தா.

எழுபத்திரண்டாம் ஆண்டு ஆனி மாதம், கடலைக் கிளப்பும் சோளகக் காற்றுத் தொடங்கின கையோடு அண்ணன் கடலுக்குப் போய் மூன்று நாள் திரும்பி வரவில்லை. அம்மா கோயிலில் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, வெளியில் நின்ற சனத்துக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்.

“அந்தோனியாரே, என்ரை பிள்ளையைக் கரை சேர்த்துவிடும். இந்தப் பெருநாளிலையிருந்து வாற வருசப் பெருநாள் மட்டும் என்ரை மகள் உம்மடை உடுப்பைத்தான் உடுப்பாள்.”

நான் பக்கத்திலேயே முழங்காலில் நின்றேன். என்னை ஒரு பேச்சுக்குக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவேண்டும். அந்த நேரம் என் மனதில் ஒரு கோபமும் இல்லை. அண்ணன் வந்தால் போதும், ஒரு வருடம் என்ன, பத்து வருடம் உடுக்கிறேன் என்று அழுதுகொண்டுதான் நின்றேன்.

நாலாம் நாள் அண்ணன் வந்தான். பாய்மரம் முறிந்து, காற்று அடித்துக்கொண்டுபோய்ப் பூநகரிக் கரையில் ஒதுக்கியிருக்கிறது. அங்கே ஒரு நல்ல மனிதர் வீட்டில் வைத்து மூன்று நேரமும் சோறு போட்டிருக்கிறார். ஆள் போனதைவிடக் கொஞ்சம் கொழுத்து வந்திருந்தான். ஊரே அவனைக் கட்டிப்பிடித்து அழுதது. அடுத்த கிழமை அந்தோனியார் பெருநாள். அன்று தொடக்கம் எனக்குக் கபில நிறச் சேலை, கபில நிறச் சட்டை, இடுப்பில் மூன்று முடிச்சுப் போட்ட வெள்ளைக் கயிறு.

நத்தாருக்கும் அதுதான், உயிர்த்த ஞாயிறுக்கும் அதுதான், சிநேகிதியின் கலியாணத்துக்கும் அதுதான். பஸ்ஸில் வயதானவர்கள் எழும்பி, “இருங்கோ சிஸ்ரர்” என்று இடம் விட்டார்கள். சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து, “சிஸ்ரர், சுரூபப் படம் இருக்கோ?” என்று கேட்டார்கள். கடலில் காணாமற்போன அண்ணன் ஊதாக் கோட்டுச் சாறமும் சிவப்புச் சேட்டுமாக மாப்பிள்ளைபோலத் திரிந்தான். காணாமற்போகாத நான்தான் கன்னியாஸ்திரி.

அந்த மூன்று நாளில் இன்னொன்றும் நடந்தது. நானும் அயலவர்களும் தபாற்கந்தோரில் இருந்த ஒரேயொரு ரெலிபோனுக்குப் பக்கத்தில் பழியாய்க் கிடந்தோம். ஊர்காவற்றுறைக்கும் மன்னாருக்கும் மாறிமாறிக் கேட்டோம். லைன் அறுந்து அறுந்து போனது. மறுபக்கத்தில் ஒரு பெண்குரல், “அழாதையுங்கோ பிள்ளை, நான் விடாமல் எடுத்துத் தாறன், நில்லுங்கோ” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. பெயரும் தெரியாது. ஆனால் அவள் நில்லுங்கோ என்று சொன்னபடியால்தான் நான் விழாமல் நின்றேன். ஆவணியில் தொலைபேசி இயக்குநர் வேலைக்கு விண்ணப்பம் கேட்டார்கள். வேறு ஒன்றையும் யோசிக்காமல் போட்டேன். பரீட்சையும் எழுதிப் பாஸ் பண்ணினேன்.

பிறகு எட்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. வைகாசிக் கடைசியில் கடிதம் வந்தது. ஆனி நான்காம் திகதி, திங்கட்கிழமை, முற்பகல் பத்தரை மணிக்கு யாழ்ப்பாணத்தில் நேர்முகப் பரீட்சை.

கடிதத்தைப் படித்துவிட்டுத் துள்ளின நான், நாட்காட்டியைப் பார்த்துவிட்டு மர வாங்கில் குந்திவிட்டேன். பெருநாள் பதின்மூன்றாம் திகதி. என் நேர்த்தி முடிய ஒன்பது நாள் மிச்சம்.

இன்னொருமுறை போடலாம் என்றும் இல்லை. வேலைக்கு வயதெல்லை இருபத்தைந்து. எனக்கு ஆவணியில் இருபத்தைந்து முடிகிறது. இதை விட்டால் அந்த ரெலிபோனின் மறுபக்கத்துக்கு நான் ஒருநாளும் போகப்போவதில்லை.

தட்டெழுத்து வகுப்பில் என்னோடு படித்த விமலாம்பிகை வேலணையில் இருக்கிறாள். கடிதத்தைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். அவள் கடிதத்தைப் பார்க்க முதல் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தாள்.

“நீர் உந்தக் கோலத்தோட போனா, ‘இருங்கோ சிஸ்ரர், தேத்தண்ணி குடியுங்கோ’ எண்டு நல்லா மரியாதை செய்துபோட்டு அனுப்பி விடுவினம். வேலை மட்டும் தரமாட்டினம்” என்றாள்.

“ஏன் தரமாட்டினம்?”

“நாளைக்கு மடத்தில சேரப்போற பிள்ளைக்கு ஆர் இண்டைக்குப் பயிற்சி குடுப்பினம்? உமக்கு அது விளங்கேல்லையே?”

விளங்கியது. விமலா அலுமாரியைத் திறந்து ஒரு நைலெக்ஸ் சேலையை எடுத்து என் மடியில் போட்டாள். வான நீலம். அதில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அந்த நாளில் கடைகளில் நல்ல சேலை காண்பதே அரிது. இது அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து வந்தது. எப்படி வந்தது என்று வேலணையில் ஒருவரும் கேட்பதில்லை. சட்டையும் தந்தாள். எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது, ஒரு வருடமாகக் காணாத ஆளை ரோட்டில் கண்டதுபோலச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் விரித்துக் காட்டினேன். அம்மா அதைத் தொடவில்லை.

“வடிவான சீலைதான்” என்றாள். “பதின்மூண்டாந் திகதி பின்னேரம் கட்டு.”

“அம்மா, இன்ரவியூ நாலாந் திகதி. ஒரு நாள். ஒரு நாளில ரெண்டு மணித்தியாலம்.”

“ஏலாது.”

“சுவாமியைக் கேப்பம். சுவாமி விட்டா?”

பங்குச் சுவாமி தியானத்துக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை பின்னேரம் பெருநாள் கொடியேற்றத்துக்குத்தான் தீவுக்கு வருவார். அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

“வாக்குக் குடுத்தது நான். இடையில மாத்த ஏலாது பிள்ளை. சோளகம் துவங்கிட்டுது. நீ ஒரு நாளைக்குத்தான் இன்ரவியூவுக்குப் போவாய். அவன் ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போறவன்.”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் எதிர்த்திருப்பேன். சேலையை மடிக்கத் தொடங்கினேன். அண்ணன் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னைப் பற்றிக் கவலைப்படாதை, நீ நீலத்தைக் கட்டிக்கொண்டு போ” என்றான். அம்மா அகப்பையைத் தூக்கினாள். அவன் தலை உள்ளே போய்விட்டது.

“போற வழியில வேலணையில இறங்கி உந்தச் சீலையை அந்தப் பிள்ளையிட்டைத் திருப்பிக் குடுத்திட்டுப் போ” என்று அம்மா முடித்துவிட்டாள்.

ஓம் என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் துணிப்பையில் நீலச் சேலையையும் சட்டையையும் மடித்து வைத்தேன். திருப்பிக் கொடுப்பதற்கு. அதற்குக் கீழே சேலைக்குக் குத்தும் பின் ஆறு, பவுடர், இரண்டு நீலக் கண்ணாடிக் காப்பு. அவை திருப்பிக் கொடுப்பதற்கு இல்லை. மனதுக்குள் எல்லாம் தீர்மானித்துத்தான் வைத்தேன். இப்போது பொய் சொல்ல விரும்பவில்லை.

திங்கட்கிழமை விடிய எழும்பினபோது அண்ணனின் பாய் வெறும் பாயாகக் கிடந்தது. வழக்கமாக மூலையில் சாத்தியிருக்கும் வள்ளத்துப் பாய்ச்சீலையும் இல்லை. கடலுக்குப் போய்விட்டான். வெளியே பனையோலைகள் சரசரத்துக்கொண்டிருந்தன. நான் கபில நிறச் சேலையை உடுத்து, கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்து பையைத் தூக்கினேன். அம்மா குறுக்கே வந்து அதைக் கையில் வாங்கினாள்.

அம்மா பையைத் திறந்தாள். வாழையிலையில் கட்டின புட்டுப் பார்சலை வைக்க இடம் பார்த்தாள். கையை உள்ளே விட்டு எதையோ ஒதுக்கினாள். பார்சலை வைத்தாள். பையைத் திருப்பித் தந்தாள்.

“தெண்டிச்சுப் பாத்துச் செய் பிள்ளை” என்று நெற்றியில் சிலுவை போட்டாள். தப்பினேன் என்று இறங்குதுறையில் நின்ற மோட்டார் லோஞ்சுக்கு ஓடினேன்.

லோஞ்ச் அன்று நேராக ஓடியதைவிடக் குறுக்கே ஓடியதுதான் கூட. குறிகட்டுவானில் இறங்கும்போது சேலைக் கரை உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தது. பஸ் பிடித்து எட்டரைக்கு வேலணையில் இறங்கினேன். விமலா வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடத்தில் நான் நீலமானேன். காப்புப் போட்டு, பவுடர் பூசி, கபில நிறச் சேலையையும் கயிற்றையும் சுருட்டிப் பைக்குள் திணித்தேன். திரும்பிப் போகும்போது மாற்ற வேண்டுமே.

“இப்பதான் நீர் ஒரு மனிசி” என்றாள் விமலா.

அடுத்த பஸ்ஸில் ஒரு கிழவரும் எழும்பி இடம் விடவில்லை. எனக்கு அது பெரிய சந்தோசமாக இருந்தது. நின்றுகொண்டே போனேன். ஆனால் பண்ணைத் தாம்போதியில் பஸ் ஏறியதும் அந்தச் சந்தோசம் போய்விட்டது. இரண்டு பக்கமும் கடல். இவ்வளவு ஆழமில்லாத பரவைக்கடலே வெள்ளை வெள்ளையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. மண்டைதீவுப் பக்கம் இரண்டு வள்ளங்கள் பாயை இறக்கிவிட்டுத் தண்டு வலித்துக் கரைக்கு வரப் பாடுபட்டன. இங்கேயே இப்படி என்றால், நெடுந்தீவுக்கு மேற்கே எப்படி இருக்கும்? நான் யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பினால் என் கையில் கிடந்த நீலக் காப்புத்தான் கண்ணில் பட்டது.

கந்தோரில் வரிசைக்கு வாங்கு போட்டிருந்தார்கள். என்னோடு சேர்த்து ஒன்பது பெண்கள். நான் உள்ளே போய் அவர்களைப் பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். அதில் நாலு பேர் வான நீல நைலெக்ஸ். அதே வெள்ளைப் பூ. நான் ஐந்தாவது. எல்லாம் ஒரே வள்ளத்தில் வந்திறங்கின சேலைகள் என்பது கண்ணில்லாதவனுக்கும் விளங்கும்.

பெயர் கூப்பிட வந்த பியோன் ஐயாவுக்குக் குழம்பிவிட்டது. “நீர் இப்பதானே உள்ளுக்குப் போட்டு வந்தனீர்?” என்று ஒரு பெண்ணைக் கேட்டார். “அது நானில்லை” என்று அவள் அழாக்குறையாகச் சொன்னாள். நல்ல நேரமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். ஒரு வருடம் தனியாகத் தெரிகிறேன் என்று வேதனைப்பட்டு, கடைசியில் அண்ணனின் உயிரையும் பணயம் வைத்து, நான் வாங்கினது இதைத்தான்.

அப்போது காற்றில் யன்னல் கதவொன்று படாரென்று அடித்தது. பியோன் ஐயா அதைக் கொளுவிவிட்டு, “தீவுப் பக்கத்துப் பிள்ளையள் ஆரும் இருக்கிறியளோ? கடல் பொல்லாத குணத்தில நிக்குதாம். பின்னேர லோஞ்ச் ஓடுமோ தெரியாது” என்றார்.

நான் எழும்பிப் பையைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்குப் பின்னால் இருந்த கக்கூசுக்குப் போனேன். அந்த இடத்தில் சேலை மாற்றுவதென்றால் என்னவென்று மாற்றினவர்களுக்குத்தான் தெரியும். பின் ஆறையும் பல்லில் கடித்துக்கொண்டு, நீலத்தை உரிந்து, ஈரக் கரையோடு கிடந்த கபில நிறத்தைச் சுற்றினேன். கயிற்றைக் கட்டினேன். காப்பைக் கழற்றினேன். பக்தி என்று சொன்னால் அந்தோனியாரே நம்பமாட்டார். பயம். சுத்தமான பயம். எட்டரை தொடக்கம் பத்தரை வரைக்கும் இரண்டு மணித்தியாலம் நான் நீலத்தில் நின்றிருக்கிறேன். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் கடலில் என்ன நடந்ததோ?

திரும்பி வந்தபோது நாலு நீலமும் வாயைப் பிளந்து பார்த்தன. பியோன் ஐயா, “நீர்... நீங்கள்... சிஸ்ரர்?” என்று இழுத்தார். “ஜசிந்தா. நெடுந்தீவு” என்றேன்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். ஒரு பக்கம் ஃபைல்களோடு ஓர் இளைஞர். மற்றப் பக்கம் வெள்ளைச் சேலை கட்டின ஓர் அம்மா. பெரிய ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வையாக இருப்பவர் என்று பிறகு தெரிந்தது. முதலில் என்னைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். இளைஞர் வேகமாக இலக்கங்களும் பெயர்களும் வாசித்தார். நான் அவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்றும் தவறவில்லை. சுவருக்கு நான் நீலமோ கபிலமோ என்ற கவலை இருக்கவில்லை. இந்த வேலை முழுவதும் இப்படிச் சுவரைப் பார்த்தே இருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

“திரும்பும்” என்றார் பெரியவர். என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். “குரல் நல்ல குரல். ஆனா நீர் மடத்தில சேர இருக்கிறீர்போல.”

“இல்லை ஐயா. இது அம்மாவின்ரை நேர்த்தி. அண்ணை கடலில காணாமற்போய்த் திரும்பி வந்தவர். வாற பதின்மூண்டாந் திகதியோட முடியுது.”

“அம்மாவின்ரை நேர்த்திக்கு ஏன் நீர் உடுக்கிறீர்?” என்று அந்த அம்மா கேட்டார்.

ஒரு வருடமாக எல்லோரிடமும் நான் கேட்ட கேள்வி. “அம்மா அப்பிடித்தான்” என்றேன். அந்த அம்மாவின் வாய்க்கடையில் ஒரு சிரிப்பு வந்து போனது.

இளைஞர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கி, “நான் காலமை வரேக்கை வாங்கில இவவைக் கண்ட மாதிரி இல்லையே. எல்லாம் நீலமாத்தான் இருந்தது” என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஐந்து நீலத்தில் எது நான் என்று கடவுளுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அன்று காலையிலிருந்து ஒளித்து ஒளித்து எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

“நானும் நீலத்திலதான் இருந்தனான் ஐயா. வேலணையில வச்சு மாத்தினனான். சிஸ்ரர் எண்டு நினைச்சு வேலை தரமாட்டியள் எண்டு பயம். பிறகு காத்தைப் பாத்தாப்போல ஏலாமப் போச்சுது. அண்ணை கடலில. இப்ப கக்கூசுக்குள்ளை நிண்டு திரும்ப மாத்திப்போட்டு வந்தனான்.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார். இளைஞரும் சிரித்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“ஏன் உமக்கு இந்த வேலையில விருப்பம்?” என்று கேட்டார்.

அந்த மூன்று நாளையும் சொன்னேன். தபாற்கந்தோர், அறுந்த லைன், நில்லுங்கோ என்று சொன்ன குரல். சொல்லும்போது என் குரல் ஒருமுறை உடைந்தது. உடைந்தால் புள்ளி குறையும் என்று தெரிந்தும் உடைந்தது. அந்த அம்மா தன் கடதாசியில் ஏதோ ஒரு வரி எழுதினார்.

பெரியவர் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். “போம் பிள்ளை. போய் லோஞ்சைப் பிடியும். தமையன் வந்திருப்பார்” என்றார்.

வேலை கிடைக்குமா இல்லையா என்று அந்தப் பயணம் முழுவதும் நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. வேலணையில் இறங்கி நீலச் சேலையை விமலாவின் கையில் திணித்துவிட்டு, அவள் கேட்டதற்கு ஒன்றும் சொல்லாமல் அதே பஸ்ஸில் ஓடி ஏறினேன். லோஞ்ச் ஓடியது. ஒரு மணித்தியாலமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தோனியாரே, என்மேல் கோபம் என்றால் என்மேல் காட்டும், அவன் பாவம், சேலை விசயத்தில் அவனுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

நெடுந்தீவு இறங்குதுறையில் ஒரு கல்லில் யாரோ குந்தியிருந்தார்கள். ஊதாக் கோட்டுச் சாறம்.

அண்ணன்தான். உயிரோடு, முழுதாக, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு இருந்தான். ஓடிப்போய் முதுகில் பையால் ஓங்கி அடித்தேன். பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன்.

“என்னடி? வேலை தரேல்லையோ?”

“நீ எப்ப அண்ணை கரைக்கு வந்தனி?”

“நான் எங்கை போனனான் வாறதுக்கு? பாய்ச்சீலையைக் காணேல்லை. விடியமுன்னம் எழும்பிப் பாத்தா மூலை வெறுமை. கடற்கரை முழுக்கத் தேடினன். மத்தியானம்தான் பிடிபட்டது. கத்தரீனா மாமியின்ரை ஆட்டுக் கொட்டிலுக்குள்ளை கிடக்குது. கொண்டுபோய் ஒளிச்சது ஆரெண்டு அம்மாவைப் போய்க் கேள்!”

வீட்டில் அம்மா குசினியில் மீன் இல்லாத குழம்பைத் துழாவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கபில நிறம், கயிறு, எல்லாம் சரியாக இருந்தது.

“எந்த இடத்தில திரும்ப மாத்தினனி?” என்றாள்.

நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“திருப்பிக் குடுக்கப் போற சீலைக்கு நீலக் காப்பு எதுக்கடி? புட்டை வைக்கேக்கை கையில குத்தினது உன்ரை பின்தான்.” சூப்பி ஆற்றின விரலை எனக்கு நீட்டிக் காட்டினாள். “உதெல்லாம் நீ மடிச்சு வச்ச நேரமே ஞாயிற்றுக்கிழமையே பாத்தனான். நீ கட்டுவாயெண்டு தெரியும். அதான் அவன்ரை பாய்ச்சீலையை எடுத்து ஒளிச்சனான். அவன் கரையில நிண்டா அந்தோனியார் என்ன செய்யிறது?”

“அப்ப ஏனம்மா என்னை விட்டனீங்கள்? மறிச்சிருக்கலாமே.”

அம்மா குனிந்து அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள்.

“அந்த ரெலிபோனுக்குப் பக்கத்தில நீ மூண்டு நாள் நிண்ட நிலையை நான் கண்டனான்தானே” என்றாள்.

ஒரு வருடமாக அம்மாவோடு எனக்கு இருந்த கோபம் எல்லாம் அந்தக் குசினியில் கரைந்து போனது. வாக்கு, நேர்த்தி, ஏலாது என்றெல்லாம் நின்ற மனுசி, எனக்காக அந்தோனியாரோடேயே ஒருநாள் கள்ளவிளையாட்டு விளையாடத் துணிந்திருக்கிறாள். நான் கக்கூசில் திரும்ப மாற்றின கதையைச் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு நெஞ்சில் கையை வைத்தாள். அடுத்த நிமிடமே குரல் மாறிவிட்டது.

“அப்ப பத்தரையிலையிருந்து நீ ஒழுங்காத்தான் நிண்டிருக்கிறாய். அவனை மறிச்சதெல்லாம் வீண்! இண்டைக்குக் கரைவலைக்காரர் எல்லாருக்கும் பாரை மீன் பட்டதாம்!”

“அதைத்தான் நானும் சொல்லுறன்!” என்று அண்ணன் வெளியிலிருந்து கத்தினான்.

பின்னேரம் கோயிலில் கொடி ஏறியது. சுவாமியிடம் இதெல்லாவற்றையும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவர் இரண்டுமுறை இருமினார். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன். ஒன்பது நாளும் குறையாமல் உடுத்தேன். பதின்மூன்றாம் திகதி பூசை முடிய, சேலையையும் கயிற்றையும் கோயிலில் ஒப்படைத்துவிட்டு, என் பழைய மஞ்சள் பூச்சேலையோடு வீட்டுக்கு நடந்து வந்தேன். உடம்பு அவ்வளவு இலேசாக இருந்தது.

கடிதம் ஆடி மாதம் வந்தது. நெடுந்தீவு ஜசிந்தா தொலைபேசி இயக்குநராகத் தெரிவு செய்யப்பட்டிருக்கிறார் என்று போட்டிருந்தது. நான் உரத்து வாசித்தேன். அண்ணன் என்னைத் தூக்கி முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான். அம்மா மட்டும் உள்ளே போய், அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பார்சலை எடுத்து வந்தாள். புதுத் துணி வாசம் வந்தது.

“நீ அண்டைக்கு லோஞ்சேறின கையோட கோயிலுக்குப் போனனான்” என்றாள் என்னைப் பார்த்து. “வேலை கிடைச்சா எண்டு ஒண்டு நேர்ந்தனான்.”

அண்ணனுக்கு உடனே விளங்கவில்லை. பார்சல் தன் பக்கம் நீளுவதைக் கண்டதும்தான் விளங்கியது.

நான் வேலைக்குப் போகப் புறப்பட்ட நாளில், இறங்குதுறையில் என் பெட்டியைத் தூக்கி லோஞ்சில் வைத்தது கபில நிறச் சாறமும் கபில நிறச் சேட்டும் இடுப்பில் மூன்று முடிச்சுக் கயிறும் கட்டின அண்ணன். லோஞ்ச் கரையை விட்டு விலகும்போது, நாலைந்து சின்னப் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று, “பிரதர், சுரூபப் படம் இருக்கோ?” என்று கேட்பது எனக்குக் கேட்டது.

“நில்லு அண்ணை!” என்று கத்தினேன். “ஒரு வருசம்தான்!”